மாப்பிள்ளையின் விமானமும் என் இரண்டு ரிவெட்டும்

ஜி கார்னர் மைதானத்தில் எங்களோடு காலை நடை வரும் நண்பர் ஒருவர், மூன்று மாதமாக என்னை ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். "என்ன சார், உங்க மாப்பிள்ளை வீட்டுலயே ஏரோப்ளேன் கட்டிட்டாராமே? பொண்ணைக் கொடுத்த மாமனார் நீங்க. கட்டாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

நடந்துகொண்டே பதில் சொல்ல எனக்கு மூச்சு போதாது. உட்கார்ந்து சொல்லலாம் என்றால் அதற்குள் பேச்சு பென்ஷன் அரியர்ஸுக்குப் போய்விடும். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். அவரும் படிப்பார்.

சுருக்கமாகச் சொன்னால், கட்டாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்துத்தான் போனேன். போன இடத்தில் என் எண்ணம் மாறியது. ஆனால் வேறொன்றைச் சொன்னேன். அதுதான் சொல்லவேண்டியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

2016இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனில், "அப்பா, கராஜுக்கு வால் வந்திருக்கு" என்றாள். நாய்க்குட்டி ஏதோ வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். விமானத்தின் வால்! பெரிய அட்டைப்பெட்டியில் அலுமினியத் தகடுகளாக வந்து இறங்கியிருந்தது. மாப்பிள்ளை ஓஹியோ மாநிலத்தில் டேட்டன் பக்கத்தில் இருக்கிறார். ஏற்கெனவே விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கியிருந்தார். அது எங்களுக்குத் தெரியும். சொந்தமாகக் கட்டவும் போகிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க சொன்னா கேப்பார்ப்பா" என்றாள். அப்போது பேரனுக்கு ஐந்து வயது, பேத்திக்கு இரண்டு.

அவர் வாங்கியது ஆர்வி-9ஏ என்ற இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம். ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் வான்ஸ் என்ற கம்பெனி இதைப் பாகம் பாகமாக விற்கிறது. முதலில் வால், பிறகு இறக்கை, பிறகு உடல், கடைசியில் சக்கரமும் கண்ணாடி மூடியும். என்ஜினும் ப்ரொப்பெல்லரும் தனியாக வாங்கவேண்டும். தகடுகள் வெட்டி, துளைகள் போட்டே வருகின்றன. கூடவே படக்கட்டு. மீதியெல்லாம் நம் கையில். ஆயிரக்கணக்கான ரிவெட். 1500இலிருந்து 2000 மணி நேர வேலை என்கிறார்கள். வேலைக்குப் போய் வந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, பனிக்காலத்தில் கை விறைத்து, இதையும் செய்தால் ஐந்தாறு வருஷம் ஓடிவிடும். இதே கம்பெனியின் விமானங்கள் இப்படி வீடுகளில் கட்டப்பட்டு பதினோராயிரத்துக்கு மேல் பறந்திருக்கின்றன.

இதெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று நம் நண்பர் கேட்பார். முழுக்க முழுக்கச் சட்டப்படிதான். அந்த ஊர் விமானத் துறையின் விதி, வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ கட்டுகிறவரே செய்திருக்கவேண்டும் என்கிறது. ஐம்பத்தொரு சதவீத விதி என்று பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். செய்ததற்குப் போட்டோவும் நோட்டுப் புத்தகமும் சாட்சி. கட்டி முடித்ததும் ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார். கதவுப் பக்கம் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டவேண்டும். உள்ளே பயணி கண்ணில் படும்படி இன்னொரு பலகை. இது அமெச்சூர் ஆள் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று. நம்மூரில் எந்த பஸ்ஸிலாவது இவ்வளவு உண்மையை எழுதி ஒட்டியிருக்கிறார்களா, சொல்லுங்கள்.

2018 மே மாதம் நானும் வீட்டுக்காரியும் ஆறு மாதம் தங்கப் போனோம். கார்கள் இரண்டும் வெளியே வெயிலில் நின்றன. கராஜுக்குள் இரண்டு இறக்கைகளின் எலும்புக்கூடு மரச்சட்டத்தில் நின்றது. போன முதல் வாரமே பேசிவிடவேண்டும் என்று இருந்தேன். ஆனால் என் பிழைப்பே ரிவெட்டில் ஆரம்பித்தது. பொன்மலை ஒர்க் ஷாப்பில் சேர்ந்தபோது என்னைப் போட்டது பாய்லர் ஷாப்பில். பழுக்கக் காய்ச்சின இரும்பு ரிவெட்டை இடுக்கியில் பிடித்து ஓட்டையில் சொருகி, ஒருத்தர் டாலியை முட்டுக் கொடுத்துப் பிடிக்க, இன்னொருத்தர் எதிர்ப்பக்கம் சுத்தியல் மெஷினை வைத்து அடிக்கிற சத்தத்தில் என் இடது காது பாதி போனது. ஆகவே கராஜில் காம்ப்ரஸர் ஓடி 'டர்ர்' என்று அந்தச் சத்தம் வந்ததும், புத்தி சொல்ல வந்த மாமனார் டாலி பிடிக்கிற ஆளாக மாறிவிட்டார்.

இது வேறு மாதிரி ரிவெட். தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ரிவெட்டின் தண்டு இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. காய்ச்சுவதெல்லாம் இல்லை, பச்சையாகவே அடிக்கவேண்டியதுதான். ஆனால் முறை ஒன்றுதான். வெளியே ஒருத்தர் ரிவெட் கன். உள்ளே ஒருத்தர் முட்டுக் கட்டி. அவர்களுடையது டங்ஸ்டனில் செய்தது, பார்க்கச் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும், தூக்கினால் மணிக்கட்டு இறங்கும். அடித்து முடிந்ததும் உள்பக்கம் உண்டாகும் தலை, தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்கவேண்டும். அளக்க ஒரு சின்ன கேஜ் உண்டு. அதற்கு முன்னால் ஒவ்வொரு துளையிலும் பிசிறு எடுப்பது, குழிப்பது, கிளீக்கோ என்கிற ஸ்பிரிங் ஊசிகளைக் குத்தித் தகட்டைத் தற்காலிகமாகப் பிடித்து வைப்பது என்று ஏகப்பட்ட பூர்வாங்க வேலை. ஒரு நாள் முழுக்க ஒரு ரிவெட்கூட அடிக்காமல் பிசிறு மட்டுமே எடுத்திருக்கிறோம். எனக்கு அலுக்கவில்லை.

பெட்ரோல் டாங்க் கட்டின வாரத்தை மட்டும் வீட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். கசியாமல் இருக்க ஒரு கறுப்புப் பசை பூசவேண்டும். அதன் நாற்றம் சமையலறை வரை வந்தது. என் வேட்டியில் பட்டது இன்னும் போகவில்லை. டாங்க்கில் காற்றை அடைத்து, வாயில் ஒரு பலூனைக் கட்டி, அது சுருங்குகிறதா என்று ராத்திரியெல்லாம் பார்ப்பார்கள். பேத்தி தன் பிறந்தநாள் பலூனை எடுத்துவிட்டார்கள் என்று அழுதாள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். இறக்கையின் மேல்தகடு முடிந்து கீழ்த்தகட்டை மூடிக்கொண்டு வந்தோம். இந்தக் கட்டத்தில் தகட்டை லேசாக வளைத்துப் பிடித்து, இடைவெளியில் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் முட்டுக் கட்டியை வைக்கமுடியும். என் கை ஒல்லி என்பதால் அந்த வேலை எனக்கு. ஒரு சாயங்காலம், பசி வேறு, வரிசை முடிய நாலைந்து இருக்கும்போது கட்டி நழுவியது. தடவிப் பார்த்தேன். ஒரு ரிவெட்டின் தலை உட்காராமல் பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தது. அதற்கடுத்ததும் கொஞ்சம் கோணல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் மழமழவென்று மற்றவற்றைப் போலவே இருந்தன. மாப்பிள்ளை, "மாமா, ஓகேயா?" என்றார். "ஓகே மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் என்று அவர் நண்பர்களிடமெல்லாம் என்னைப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். அந்த மானம்தான். ராத்திரி தூக்கம் வரவில்லை. பொன்மலையில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, ரிவெட்டின் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுவார். லூசானது எது என்று விரலே அவருக்குச் சொல்லிவிடும். ஒவ்வொன்றையும் தட்டுவார், அவரே அடித்ததையும் தட்டுவார். அவர் முகம் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது. விடிகாலை நாலு மணிக்கு வீட்டுக்காரியை எழுப்பிச் சொன்னேன். "போய் மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க, என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காபி குடிக்கும்போது சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து வந்தார். பார்த்தார், போட்டோ எடுத்தார். இஏஏ என்று வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கான சங்கம் ஒன்று உண்டு. 1953இல் மில்வாக்கியில் பால் பொபெரெஸ்னி என்பவர் ஆரம்பித்தது. அதில் அனுபவசாலிகள் சிலர் காசு வாங்காமல் வீட்டுக்கே வந்து வேலையைப் பார்த்துக் குற்றம் குறை சொல்வார்கள். அப்படி ஒரு பெரியவர் சனிக்கிழமை வந்தார். கோணலாக இருந்ததை அப்படியே விடலாம், நோண்டினால் துளை பெரிதாகி இன்னும் கெட்டுப்போகும் என்றார். சாய்ந்ததை எடுக்கச் சொன்னார். வெளித்தலையின் நடுவில் சரியாக ட்ரில் வைத்து, தலையை மட்டும் உடைத்து, தண்டை உள்ளே தட்டி எடுத்தோம். புதிதாக ஒன்று அடித்தோம். இந்தத் தடவை முட்டுக் கட்டி மாப்பிள்ளை கையில். நோட்டில் தேதி போட்டு, எத்தனையாவது ரிவெட், என்ன ஆயிற்று என்று எழுதினார். யாரால் என்ற இடத்தில் 'மாமா' என்று எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது.

அன்றைக்குத்தான் கட்டாதே என்று சொல்லும் எண்ணம் என்னை விட்டுப் போனது. தவறை எழுதி வைக்கிற ஆள், தன் வேலையைக் குறை சொல்ல வெளி ஆளைக் கூப்பிடுகிற ஆள் கட்டுவதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. பயப்படவேண்டியது வேறு இடத்தில் என்று கொஞ்சம் படித்தபிறகு புரிந்தது.

அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் இப்படி வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. சொந்த உபயோகத்துக்கான சிறு விமானங்களில் இவை சுமார் 10 சதவீதம்தான். ஆனால் 2011ஆம் ஆண்டின் மரண விபத்துகளில் 21 சதவீதம் இவற்றில் நடந்தவை. கசப்பான கணக்கு, மறைக்க முடியாது. ஆனால் எப்படி நடந்தன என்று பாருங்கள். இறக்கை பிய்ந்து விழுந்தது முதலிடத்தில் இல்லை. என்ஜின் நின்றுபோவதும், ஓட்டுகிறவர் கையை மீறிப் போவதும்தான் அதிகம். அதிலும் விமானத்தின் ஆரம்ப மணி நேரங்களில். இன்னொன்று, விபத்தில் சிக்கியவற்றில் பாதிக்கு மேல் கட்டினவரே ஓட்டியவை அல்ல, அடுத்தவர் கட்டியதை விலைக்கு வாங்கியவர்களுடையவை.

ஜான் டென்வர் என்ற பிரபல அமெரிக்கப் பாடகர் 1997 அக்டோபர் 12ஆம் தேதி கலிஃபோர்னியாக் கடலில் விழுந்து இறந்தது அப்படித்தான். லாங்-ஈசி என்ற விமானம், யாரோ கட்டியது, அவர் வாங்கியிருந்தார். ஒரு டாங்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்ரோலை மாற்றும் வால்வை, வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல், கட்டினவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப உடம்பையே முறுக்கிக்கொண்டு திரும்பவேண்டும். கட்டினவருக்கு அது பழக்கம், வாங்கினவருக்கு? அவர் ஆயிரக்கணக்கான மணி நேரம் விமானம் ஓட்டியவர். இந்த விமானம்தான் அவருக்குப் புதிது.

கட்டுவது ஒரு வித்தை, ஓட்டுவது வேறொரு வித்தை. ஆறு வருஷம் கராஜில் குனிந்தே கிடக்கிற மனிதர் அந்த ஆறு வருஷமும் எத்தனை மணி நேரம் பறந்திருப்பார்? காசும் நேரமும் தகட்டுக்கே போய்விடும். ஓட்டும் கை துருப்பிடித்திருக்கும். அப்படிப்பட்டவர், யாருமே ஓட்டிப் பார்க்காத விமானத்தில், யாருமே சோதிக்காத என்ஜின் இணைப்புகளை நம்பி ஏறுகிறார். நான் கட்டினேன், நான்தான் முதலில் ஏறுவேன் என்கிற ஆசை இருக்கிறதே, அதைத்தான் குடும்பத்தார் தடுக்கவேண்டும். கராஜ் வாசலில் மறித்து நின்று பிரயோஜனமில்லை.

டேட்டன் ரைட் சகோதரர்களின் ஊர். கரிலன் பூங்காவில் அவர்களின் 1905ஆம் வருஷத்து விமானத்தை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அழைத்துப் போனார். சைக்கிள் கடைக்காரர்கள் இரண்டு பேர் வானத்தில் தாவிவிட்டார்கள் என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1903இல் பன்னிரண்டு விநாடி பறப்பதற்கு முந்தின வருஷமே, என்ஜின் இல்லாத கிளைடரில் அவர்கள் நூற்றுக்கணக்கான தடவை சறுக்கிப் பழகியிருந்தார்கள். அங்கேயே நின்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "கட்டுங்க மாப்பிள்ளை, நான் தடுக்கலை. ஆனா முதல் தடவை நீங்க ஓட்டக் கூடாது. இதே மாடலை நிறைய ஓட்டினவர் யாராவது ஓட்டட்டும்."

அவர் முகம் வாடிப்போனது. அரை மணி நேரம் பேசவில்லை. அந்த வருத்தம் எனக்கும் புரிந்தது, சும்மா சொல்லவில்லை. பெண்ணை வளர்த்து யாரோ ஒருவர் கையில் கொடுத்தவன்தானே நானும். வீட்டுக்கு வந்தபிறகு மகளிடம், "உங்கப்பா ஒரு கண்டிஷன் போட்டிருக்கார்" என்றார். மகள் இன்னொன்றைச் சேர்த்தாள். விமானம் தயாராகும் வருஷத்தில் கட்டும் வேலையைக் குறைத்துக்கொண்டு, அதே மாடலில் ஓர் ஆசிரியரோடு பழகவேண்டும். இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார்.

நடுவில் கொரோனா வந்து சாமான்கள் தாமதமாயின. 2023 அக்டோபரில் ஒரு காலை, அந்த ஊர்க்காரர், இதே மாடலை வருஷக்கணக்காக ஓட்டியவர், ஓடுபாதையில் எடுத்தார். மாப்பிள்ளை தரையில் நின்றார். எங்களுக்கு வாட்ஸப்பில் காட்டினார்கள், இங்கே சாயங்காலம். ஏறி, விமான நிலையத்துக்கு மேலேயே வட்டமடித்து, இருபது நிமிஷத்தில் இறங்கிவிட்டார். என்ஜினில் ஒரு சிலிண்டர் அதிகம் சூடாகிறது என்றார். மூடியின் உள்ளே காற்றைத் திருப்பும் தகடு சரியாக உட்காரவில்லை. அனுபவஸ்தர் என்பதால் பதறாமல் இறங்கினார். மாப்பிள்ளை இருந்திருந்தாலும் இறங்கியிருப்பார் என்றுதான் அவரும் சொன்னார். இருக்கலாம். ஆனால் என் மகள் அந்த இருபது நிமிஷம் நின்றிருந்தது எப்படி என்று எனக்குத் தெரியும். அங்கே ஓடிக்கொண்டிருந்தது அவள் புருஷன் என்றால் எப்படி நின்றிருப்பாள் என்பதும் தெரியும்.

தகட்டைச் சரிசெய்த பிறகு மாப்பிள்ளை ஓட்டினார். ஆரம்பச் சோதனைக் காலம் என்று விதி இருக்கிறது. என்ஜினைப் பொறுத்து 25 அல்லது 40 மணி நேரம், ஜனநெருக்கடி இல்லாத இடத்தில், பயணி யாரையும் ஏற்றாமல் ஓட்டவேண்டும். அதையும் முடித்தார்.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா என்று அடுத்த கேள்வி வரும். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி மொட்டை மாடியிலேயே ஆறு பேர் விமானம் கட்டினார். 2016இல் கண்காட்சியில் வைத்தார். பதிவு எண் கிடைக்க 2017 கடைசி ஆயிற்று, அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் அலைந்திருக்கிறார். பேசவும் கேட்கவும் இயலாத சஜி தாமஸ் என்ற தொடுபுழாக்காரர் கட்டிய குட்டி விமானம் பறந்தது நம் அம்பாசமுத்திரம் பக்கத்தில்தான். அவ்வளவு ஏன், 1910இலேயே மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் வைத்திருந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனியின் உதவியோடு சொந்தமாக விமானம் செய்து பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கையும் மூளையும் இங்கே எப்போதும் இருந்திருக்கின்றன. கட்டுகிறவன் வீட்டுக்கு வந்து, காசு வாங்காமல், இந்த ரிவெட்டை எடு என்று சொல்கிற அந்தச் சனிக்கிழமைப் பெரியவர்கள்தான் நம்மிடம் இல்லை. ரிட்டையர் ஆன நாம் இத்தனை பேர் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

வருகிற ஜூனில் டிக்கெட் போட்டிருக்கிறார்கள். இரண்டு சீட்டில் ஒன்று எனக்கு என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அந்தப் பலகையைப் படித்துவிட்டு ஏறுவேன். அடுத்த நடை வீட்டுக்காரியினுடையதாம். அவள் நேற்று கேட்டாள், "என்னங்க, அந்த எடுக்காம விட்ட ரிவெட் எந்தப் பக்க இறக்கையிலே இருக்கு?"

இடது பக்கம். விமானி உட்காரும் பக்கம். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு உளுந்து ஊறப்போடப் போய்விட்டாள்.